லேபிளைக் காப்பியடித்துவிட்டார்கள்: கேஸ் போடுவதா, பேசித் தீர்ப்பதா?

போன ஆவணியில் மசாலா கம்பெனி நடத்தும் அண்ணாச்சி ஒருவர் என் மேஜைமேல் இரண்டு பவுச்சுகளைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் 100 கிராம் சாம்பார் பொடி. ஒன்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் அவருக்கு வரைந்து கொடுத்தது. இன்னொன்று பக்கத்து மாவட்டத்தில் புதிதாக முளைத்த ஒரு கம்பெனியுடையது. அதே அரக்குச் சிவப்பு, நடுவில் அதே மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் அதே உரலும் உலக்கையும். பெயரில் ஓர் எழுத்துதான் வேறு. எங்கள் படத்தில் வலது ஓரத்து மிளகாயின் காம்பு பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அவசரத்தில் நான் கவனிக்காமல் விட்ட பிழை அது. அந்தப் பவுச்சிலும் காம்பு அதே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

"தம்பி, கேஸ் போட்டுரலாமா?" என்றார்.

நான் சிவகாசியில் லேபிள் டிசைன் செய்கிறவன், வக்கீல் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். கேஸ் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், பேசி முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். லேபிள் சம்பந்தப்பட்ட தீர்ப்பு வந்தால் உட்கார்ந்து படித்துவிடுவேன். சின்ன கம்பெனிக்காரர்கள் முன்னால் இருக்கும் வழிகளை அந்த அனுபவத்தில் ஒப்பிட்டு எழுதுகிறேன். கையெழுத்துப் போடும் முன் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் என்ன இருக்கிறது?

எந்த வழியில் போவது என்பது, நம் கையில் என்ன உரிமை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "பேட்டன்ட் வாங்கியாச்சு" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. பெயருக்கும் லோகோவுக்கும் வாங்குவது டிரேட்மார்க். லேபிளில் உள்ள படத்துக்கு காப்பிரைட். பாட்டில், டப்பா வடிவத்துக்கு டிசைன் பதிவு. அதைச் சரக்கு கடைக்கு வருவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், வந்த பிறகு புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடுவார்கள். பேட்டன்ட் என்பது புதிய கருவிக்கும் புதிய செய்முறைக்கும்.

பொடியின் பக்குவத்துக்கு? அங்கேதான் சட்டம் கை விரிக்கிறது. சேர்மானப் பட்டியல் காப்பிரைட்டில் வராது. அம்மா காலத்துக் கலவைக்கு பேட்டன்ட் கிடைக்காது. கிடைக்கிற அளவுக்குப் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தாலும் செய்முறையை ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டும், 20 வருஷத்தில் அது எல்லாருக்கும் பொதுவாகிவிடும். வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. எனவே மல்லிக்கு எவ்வளவு வறுப்பு, வெந்தயம் எத்தனை கிராம் என்பது வீட்டோடு இருக்கட்டும். வேலையாட்களிடம் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கோர்ட்டிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணாச்சி பெயரைப் பதிந்திருக்கவில்லை. தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. இரண்டையும் செய்கிறவர் இரண்டுக்கும் கட்ட வேண்டும். ஒருமுறை பதிந்தால் 10 வருஷம், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆறு வருஷமாக "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றே ஓட்டிவிட்டார்.

காப்பிரைட் விஷயம் இன்னும் சங்கடம். படம் வரைந்த நிமிஷமே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. யாருக்கு வரும் என்பதுதான் கேள்வி. நான் அவரிடம் சம்பளத்துக்கு இருந்து வரைந்திருந்தால் உரிமை அவருடையது. நான் வெளியாள். எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை அது என்னுடையது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொன்னால், பதில் சொல்வது சிரமம். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்படி எழுதும்போது காலத்தையும் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் சட்டப்படி ஐந்து வருஷத்தோடு முடிந்துவிடும். டிசைனரிடம் பில் மட்டும் வாங்கி வைத்திருப்பவர்கள் இதை இன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டுக்குப் போனால்

கோர்ட்டின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வழக்கு முடியும்வரை விற்காதே என்கிற இடைக்காலத் தடை கிடைத்துவிட்டால் அதைப் போல வேகமான மருந்து வேறு இல்லை. எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே தடை கொடுத்து, வக்கீல் கமிஷனர் ஒருவரை நியமித்து, குடோனில் இருக்கும் பவுச் ரோல்களுக்கு சீல் வைத்ததும் உண்டு. பெயரைப் பதிந்தவருக்கு இன்னொரு வசதி: தான் தொழில் நடத்தும் ஊர் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம். பதியாதவர் 'என் பெயரைச் சொல்லி ஏமாற்றி விற்கிறான்' என்கிற வழக்கைத்தான் போட முடியும். அதற்கு எதிராளியின் ஊருக்கோ, அந்தச் சரக்கு விற்ற ஊருக்கோ போக வேண்டியிருக்கும். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறும் செலவை எண்ணிப் பாருங்கள். 4,500 ரூபாயின் அருமை அங்கே புரியும்.

அண்ணாச்சி என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான்: "ஜெயிப்போமா? எத்தனை நாளாகும்?" நேர்மையான எந்த வக்கீலும் இரண்டுக்கும் உறுதியாகப் பதில் சொல்ல மாட்டார். ஏன் என்பதற்கு, எங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2016-இல் ஐடிசி ஒரு டைஜஸ்டிவ் பிஸ்கட்டை மஞ்சளும் நீலமும் கலந்த உறையில் கொண்டுவந்தது. சில மாதம் கழித்து பிரிட்டானியாவும் சர்க்கரை சேர்க்காத டைஜஸ்டிவ் பிஸ்கட்டை மஞ்சள்-நீல உறையில் இறக்கியது. ஐடிசி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே வருஷம் செப்டம்பரில் தனி நீதிபதி பிரிட்டானியாவுக்குத் தடை போட்டார். 2017 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. சந்தைக்கு வந்து சில மாதமே ஆன சரக்கின் நிறச் சேர்க்கையை, அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரியது என்று ஜனங்கள் மனதில் பதித்திருப்பார்கள் எனச் சொல்ல முடியாது என்பது அமர்வின் பார்வை. அதே இரண்டு உறை, அதே கோர்ட், ஆறு மாதத்தில் இரண்டு விதமான முடிவு. அந்த இரண்டு உறைகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். தனி நீதிபதி சொன்னதும் எனக்கு நியாயமாகப் படுகிறது, அமர்வு சொன்னதும் நியாயமாகப் படுகிறது. நிறம், தோற்றம், 'சாதாரண வாடிக்கையாளர் குழம்புவாரா' என்பதெல்லாம் அளவுகோல் வைத்து அளக்க முடியாத விஷயங்கள். பார்க்கிற கண் மாறினால் முடிவும் மாறும். பெரிய வக்கீல்களை வைத்த பெரிய கம்பெனிகளுக்கே இந்த நிலை.

பெயர் விஷயத்தில் மதராஸ் உயர் நீதிமன்றத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. தங்கள் நூடுல்ஸுக்கு வைத்த 'மேஜிக் மசாலா' என்ற பெயரைப் போலவே நெஸ்லே 'மேஜிக்கல் மசாலா' என்று விற்கிறது என ஐடிசி 2013-இல் வழக்குப் போட்டது. 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது: தள்ளுபடி. 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழும் பொதுவான சொல், 'மசாலா' சொல்லவே வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஒருவர் வேலி போட்டுக்கொள்ள முடியாது என்றது கோர்ட். ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த பதில் அது. 'நாட்டு', 'பாரம்பரிய', 'வீட்டு', 'அம்மா' என்று பெயர் வைத்திருக்கும் நம் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய தீர்ப்பு. என்னிடம் பெயர் கேட்டு வருகிறவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வது இதைத்தான்: சரக்கின் குணத்தைச் சொல்கிற சொல்லை மட்டும் பெயராக வைக்காதீர்கள், பின்னால் அதைக் காப்பாற்றவே முடியாது.

ஜெயித்தாலும் காலம் போய்விடுகிறது. கேட்பரியின் ஜெம்ஸ் மிட்டாயைப் போல 'ஜேம்ஸ் பாண்ட்' என்று ஒரு மிட்டாய் வந்தது. 2005-இல் போட்ட வழக்கில் கேட்பரி தரப்பு ஜெயித்து டெல்லியில் தீர்ப்பு வந்தது 2022-இல். அந்த 17 வருஷத்தில், ஜெம்ஸ் சாப்பிட்ட ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படிப்பை முடித்து வேலைக்கே போயிருக்கும்.

ஓசூரில் பைக் செய்கிற டிவிஎஸ்ஸின் கதை இன்னும் வலிக்கிறது. இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சின் தங்கள் பேட்டன்ட் என்று பஜாஜ் சொல்ல, 2008 பிப்ரவரியில் மதராஸ் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி டிவிஎஸ் ஃப்ளேம் பைக்குக்குத் தடை போட்டார். 2009 மே மாதம் அமர்வு அதை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, டிரேட்மார்க், காப்பிரைட், பேட்டன்ட் போன்ற அறிவுசார் சொத்து வழக்குகள் நம் நாட்டில் இடைக்காலத் தடையைச் சுற்றியே வருஷக் கணக்கில் நடக்கின்றன என்று வருந்தி, இவற்றை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்தில் முடிக்கச் சொன்னது. அந்த வழக்கு என்ன ஆனது தெரியுமா? 2019-இல் இரண்டு கம்பெனிகளும் பேசி சமாதானம் ஆனார்கள். அதற்குள் ஃப்ளேம் சந்தையிலேயே இல்லை.

சரி, நம்பிக்கை தருகிற வழக்கும் ஒன்று உண்டு, அதுவும் நம் திருநெல்வேலியிலிருந்து. இருட்டுக்கடை அல்வா என்ற பெயரை இன்னொருவர் முன்னால் 'திருநெல்வேலி' சேர்த்துப் பயன்படுத்தினார். அவரும் பதிவுச் சான்றிதழ் வைத்திருந்தார். பதிவு செய்தவர் மேல் எப்படி வழக்குப் போட முடியும் என்று வாதாடினார். 2015-இல் உச்ச நீதிமன்றம், முதலில் அந்தப் பெயரில் விற்று நல்ல பேர் எடுத்தவரின் உரிமை பதிவை விட மேலானது என்று சொல்லிவிட்டது. நெல்லையப்பர் கோயில் எதிரில் தலைமுறை தலைமுறையாக நடந்த வியாபாரம்தான் அந்தக் கடைக்குச் சாட்சி. பதியாமல் விட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் கீழ்க் கோர்ட்டில் தொடங்கி டெல்லிவரை போய்த்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. ஆறு வருஷ மசாலா கம்பெனிக்கு அத்தனை தலைமுறைச் சாட்சி இருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும்: நீதிபதிகள் ஏனோதானோ என்று தீர்ப்பு எழுதுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படித்தவரைக்கும் ஒவ்வொரு தீர்ப்பிலும் சிரத்தை தெரிகிறது. 'ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருப்பது' போன்ற சொற்களைச் சட்டம் வேண்டுமென்றே அகலமாக வைத்திருக்கிறது. இறுக்கமாக எழுதினால் ஓர் எழுத்தை மாற்றியவன் தப்பித்துவிடுவான். அகலமாக இருப்பதால் முடிவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையை அம்பது ஊழியர் இல்லாத கம்பெனி எத்தனை வருஷம் தாங்கும் என்பதே என் கவலை.

வக்கீல் நோட்டீஸ்

பெரும்பாலான சின்ன கம்பெனிகளுக்கு முதலில் எடுக்க வேண்டிய அடி இதுதான் என்பது என் எண்ணம். காப்பியடித்த பலர் பெரிய திட்டம் போட்டுச் செய்வதில்லை. "இந்த மாதிரியே ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்று ஒரு பவுச்சைக் கொண்டுவந்து பிரஸ்ஸில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வலிக்கும்படி சொல்ல வேண்டும் என்றால், அதை அப்படியே செய்து கொடுக்கிற டிசைனர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். நோட்டீஸ் போனதும் பாதிப் பேர் பயந்து கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸிலும் ஆபத்து உண்டு. உரிமை இல்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் நம் மேலேயே வழக்குப் போட டிரேட்மார்க் சட்டமும் காப்பிரைட் சட்டமும் இடம் தருகின்றன. பதியாத பெயருக்குப் பக்கத்தில், பதிந்தது என்று காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியைப் போட்டு அனுப்பினால் அதற்குத் தனியாக அபராதம் உண்டு. எனவே நோட்டீஸ் சின்னதாக, ஆதாரத்தோடு இருக்கட்டும்: நாங்கள் இந்தத் தேதியிலிருந்து விற்கிறோம், இதோ பில், இதோ உங்கள் பவுச், இத்தனை நாளில் மாற்றுங்கள். கோபத்தை வக்கீல் அறையிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

சமரசம்

வணிக நீதிமன்றத்தில் அவசரத் தடை கேட்காமல் வழக்குப் போடுவதாக இருந்தால், அதற்கு முன் சமரசத்துக்கு முயன்றே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மனுப் போட்டால் எதிர்த்தரப்பை அழைப்பார்கள். வராமல் போனால் அதைப் பதிவு செய்து நம்மை கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வந்து கையெழுத்தானால் அந்த ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்புக்குச் சமமான பலம் உண்டு.

கோர்ட்டால் தர முடியாத ஒன்றைச் சமரசம் தரும். கோர்ட் 'நிறுத்து' என்றோ 'நிறுத்த வேண்டாம்' என்றோதான் பெரும்பாலும் சொல்லும். சமரசத்தில் "கையில் இருக்கும் ரோல் தீரும்வரை விற்றுக்கொள், அப்புறம் நிறத்தை மாற்று" என்று சொல்ல முடியும். பவுச் அச்சிடத் தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சு உருளையாக ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். ஏழு நிறம் என்றால் ஏழு சிலிண்டர். போட்ட காசு முழுக்கப் போகும் என்றால் எதிராளி கடைசிவரை சண்டை போடுவார். பாதியாவது மிஞ்சும் என்றால் இறங்கி வருவார்.

இதன் பலவீனமும் தெரிந்ததே. எதிராளி கொஞ்சமாவது வெட்கப்படுகிற ஆளாக இருக்க வேண்டும். ஊர் ஊராகப் பெயர் மாற்றிப் போலி அடிக்கிறவனிடம் சமரசம் பேசுவது நேர விரயம்.

போலீஸ்

அப்படிப்பட்ட அசல் போலிக்காரனுக்குத்தான் இந்த வழி. உங்கள் பெயர், உங்கள் முகவரி, உங்கள் உணவு உரிம எண்வரை அச்சடித்து உள்ளே மரத்தூள் கலந்து விற்கிறான் என்றால் யோசிக்காமல் போங்கள். காப்பிரைட் மீறலுக்கு மூன்று வருஷம்வரை சிறை உண்டு. அது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டிரேட்மார்க் புகாரில் சோதனை போட டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தையும் கேட்க வேண்டும். அதற்குள் குடோன் காலியாகிவிடலாம். ஓர் எழுத்து மாற்றிய போட்டியாளரை மிரட்டுவதற்காக ஸ்டேஷன் படி ஏறாதீர்கள். அது சிவில் தகராறு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், உங்கள் கையில் பலமில்லை என்பதும் எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

கண்டுகொள்ளாமல் விடுவது

சிலருக்கு இதுவும் சரியான முடிவாக இருக்கலாம். எதிராளி விற்கும் இடம் உங்கள் சரக்கு போகாத இடம், அவன் சரக்கும் இரண்டு மாதத்தில் படுத்துவிடும் ரகம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். எதிராளி தன் பெயரைப் பதிந்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்தே ஐந்து வருஷம் தொடர்ந்து விற்றுவிட்டால், பிறகு நீங்கள் எதிர்ப்பது ரொம்பக் கடினம். அவன் விண்ணப்பம் டிரேட்மார்க் இதழில் வெளிவந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் போடலாம். அதைக் கவனிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எதற்கு எது?

பெயரைப் பதிந்திருக்கிறீர்கள், காப்பி அப்பட்டமாக இருக்கிறது, தெரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, உங்கள் விற்பனை கண்ணெதிரே இறங்குகிறது: இந்த நான்கும் சேர்ந்திருந்தால் தடை கேட்டு கோர்ட்டுக்குப் போங்கள். தாமதித்தால் 'இத்தனை நாள் சும்மா இருந்தாயே' என்ற கேள்வி வரும். போகும்போதே ஒரு தொகையை ஒதுக்குங்கள், தடை மனு முடிவாகும்வரை மட்டும் அதைச் செலவழிப்பது என்று வையுங்கள். தடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த இடத்தில் நின்று சமரசம் பேசுங்கள். கடைசித் தீர்ப்புவரை போவதைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள்.

நான்கில் ஒன்று குறைந்தாலும் நான் நோட்டீஸ், சமரசம் என்றுதான் சொல்வேன். நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் காப்பியடித்து, பெயர் முற்றிலும் வேறாக இருந்தால், பிரிட்டானியா வழக்கை ஒருமுறை நினைத்துக்கொண்டு, உங்கள் பவுச்சையே ஒரு படி மேலே மாற்றிக்கொள்வது மலிவு.

அண்ணாச்சிக்கு நான்கில் இரண்டு இல்லை. பெயர் பதியவில்லை, அந்தப் பவுச்சை முதலில் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வக்கீல் ஒரு பக்க நோட்டீஸ் அனுப்பினார். அதோடு என் கம்ப்யூட்டரில் இருந்த முதல் ப்ரூஃப், பிரஸ் பில், ஆறு வருஷ ஜிஎஸ்டி பில் நகல்கள் போயின. வெட்டுப்பட்ட மிளகாய்க் காம்பை இரண்டு படத்திலும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினோம். இருவருக்கும் பொதுவான மதுரை ஸ்டாக்கிஸ்ட் ஒருவர் நடுவில் உட்கார்ந்தார். இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் பெயரையும் உரல் படத்தையும் மாற்ற ஒப்புக்கொண்டார்கள், தை முடியும்வரை பழைய ரோலில் விற்றுக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சிவப்பு நிறத்தை மட்டும் விட்டுத்தர மாட்டோம் என்றார்கள். அண்ணாச்சிக்கு அதில் மனக்கசப்பு இன்னும் இருக்கிறது. எனக்கும்தான்.

பெயருக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. பங்குனியில் புதுப் பவுச்சுக்கு ப்ரூஃப் எடுத்துக்கொண்டு போனேன். மிளகாய்க்கு முழுக் காம்பு வரைந்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு, "நீயும் போடு தம்பி" என்று பேனாவை நீட்டினார்.